ஒன்பதாம் வரியில் ஒரு கட்டைவிரல்

உனக்கு,

இன்று காலை பழைய நோட்டைப் பிரித்தபோது முதலில் கண்ணில் பட்டது உன் இரத்தம். காய்ந்து பழுப்பாகிவிட்டது. பார்ப்பவர்கள் டீக்கறை என்று நினைப்பார்கள். டீக்கு ரேகை இருக்காது. இதில் உன் இடது கட்டைவிரலின் வட்டங்கள் அப்படியே இருக்கின்றன. கறை விழுந்திருப்பது ஒன்பதாம் வரியில். அந்த வரியில் நான் என்ன எழுதியிருந்தேன் என்பதை உடனே சொல்லிவிடலாம். எதையும் உடனே சொல்லிவிடும் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும்.

நோட்டை எடுக்க வைத்தவள் ஒரு பெண். திருவொற்றியூரில் டியூஷன் எடுக்கிறாள். லேப்டாப்பை மேசைமேல் வைத்து, "பிராசசர் போர்டோட சேத்து ஒட்டியிருக்காம் சார். மாத்தவே முடியாதுன்னு நாலு கடையில சொல்லிட்டாங்க. நீங்க மாத்துவீங்களாமே?" என்றாள். முன்பு தயாளன் நம் கடைக்குக் கொண்டுவந்த அதே மாடல். "கொஞ்சம் உட்காரும்மா" என்று சொல்லிவிட்டு நோட்டைத் தேடப் போனேன்.

நீ காசிமேட்டுக்காரன். விசைப்படகுகளின் வயர்லெஸ் செட்டையும் மீன் காட்டும் கருவியையும் பழுது பார்த்துப் பழகிய கை உன்னுடையது. உப்பு தின்ற போர்டையே எழுப்புகிறவனுக்கு லேப்டாப் எம்மாத்திரம் என்று ராயபுரத்தில் கடை போட்டாய். நான் எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் அளவுமானிகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன். ஊசி ஒரு கோடு தள்ளி நின்றால் எனக்குச் சோறு இறங்காது. என் சொந்த லேப்டாப்பைச் சரிசெய்யக் கொண்டுவந்து, நீ செய்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, எழுந்து போக மறந்தவன்.

நெருப்பு உன்னுடையது, எழுத்து என்னுடையது. போர்டோடு ஈயத்தால் பிணைக்கப்பட்ட பிராசசரைச் சூடு காட்டிப் பிடுங்கி எறிந்து வேறொன்றை வைப்பது நீ. அந்தப் புதியவனை போர்டு ஏற்றுக்கொள்ளுமா என்று பார்ப்பது நான். ஸ்விட்சைப் போட்டதும் முதலில் கண்விழிக்கிற சிறிய நிரல், கடைத்தெருவில் எல்லோரும் பயாஸ் என்கிறார்களே, அதற்குப் புதிய பிராசசரை அடையாளம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் திரை கறுப்பாகவே கிடக்கும். நீ எவ்வளவு அழகாக ஈயம் வைத்தாலும் பிரயோசனமில்லை.

உன்னைக் கண்டால் எனக்குப் பயம். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நீ அடிக்காத பொருள் கடையில் கிடையாது. ஃபேனை அடித்தாய், பிரிண்டரை உதைத்தாய். ஒருமுறை ஈயம் உருக்கும் அயர்னைச் சூட்டோடு நீ வீசி எறிந்து, அது என் காதை ஒட்டிப் போய்ச் சுவரில் குத்தி நின்றது. "இன்னா வாத்தியாரே, பட்டுச்சா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "அப்ப இன்னாத்துக்கு மூஞ்சிய அப்டி வெச்சிக்கினு கீறே?" என்று சிரித்தாய். நான் வாத்தியாரும் இல்லை. உன் பேட்டையில் தோஸ்தை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பிறகு புரிந்தது. அந்தச் சுவரில் குழி இன்னும் இருக்கிறது.

ஆனால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தாய். அதில் மட்டும் நீ கோயில் பூசாரி மாதிரி. லேப்டாப்பைத் திறந்ததும் முதல் வேலையாக டிஸ்கைக் கழற்றி, பழுப்புக் கவரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, கொண்டுவந்தவர் கையிலேயே கொடுத்துவிடுவாய். நம் தெருவில் இன்னொரு கடையில் ஒரு பெண்ணின் படங்கள் வெளியே போய், அவள் அண்ணன்மார் வந்து அந்தக் கடைக்காரனின் தாடையைப் பெயர்த்தார்களே, அதற்குப் பிறகு வந்த வழக்கம். "அவன் உசுரு அவன் கையில இருக்கட்டும். நம்ம கையில போர்டு மட்டும் இருந்தாப் போதும்" என்பாய். யாருடைய டிஸ்கையும் நாம் காப்பி எடுத்ததில்லை. அதை நான் பெருமையாக நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன், கொஞ்சம் நடுக்கத்தோடு.

தயாளன் வந்த காலை நினைவிருக்கிறதா? அன்று எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி உன் ஸ்கூட்டரை உரசிவிட்டதென்று டிரைவரைக் கீழே இழுத்துப்போட்டு அடித்துவிட்டு வந்திருந்தாய். கைமுட்டி கிழிந்திருந்தது. சட்டையில் இருந்த இரத்தம் அவனுடையதா உன்னுடையதா என்று நான் கேட்கவில்லை. தயாளனை உனக்கு முன்பே தெரியும். துறைமுகத்தில் சொந்தப் படகு வைத்திருப்பவன், மலை மாதிரி உடம்பு. அன்று அந்த மலை குறுகிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

அது அவன் தம்பி குமாரின் லேப்டாப். குமாரைப் படகுத்துறையில் வைத்து வெட்டிவிட்டார்கள். வலைத் தகராறு. படகில் வேலை செய்தவன் ஒருவன் ஃபோனில் அதைப் படம் பிடித்து, இந்த லேப்டாப்பில் ஏற்றினான். மறுநாள் அவனையும் அடித்து, ஃபோனைப் பிடுங்கிக் கடலில் வீசினார்கள். ஆக, அந்தப் படம் இருப்பது இதில் மட்டும். வேறு காப்பி எடுக்க தயாளன் விடவில்லை. ஃபோன் ஃபோனாகப் போனால் பேட்டையில் பதிலுக்கு வெட்டு விழும், பெற்றவள் கண்ணில் பட்டுவிடும் என்றான். திங்கட்கிழமை வாய்தா. வக்கீல் அன்றைக்கு லேப்டாப்போடு வரச் சொல்லியிருந்தார்.

"இன்னா ரிப்பேரு?" என்று கேட்டாய்.

தயாளன் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஓட மாட்டேங்குது. கத்தி எறங்குற எடத்துல வந்து நின்னுடுது. என் தம்பி தலைக்கு மேல கத்தி அப்டியே நின்னுக்கினே கீதுபா. என்னால பாக்க முடில. ஓட வுடு. போனது போவட்டும், ஓடி முடியட்டும்."

நீ மேசையைக் குத்தினாய். "பிராசசரு சொத்தை. அதான் முக்குது. அத்தப் புடுங்கிப் போட்டு, அதே போர்டுக்கு வர்ற பெரிய பிராசசரு வெக்கிறேன். பட்டாசு மாதிரி ஓடும்."

வேறொரு பிளேயரைப் போட்டுப் பார்த்தாலே ஓடக்கூடும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அது முதலாவது. இரண்டாவதுதான் பெரியது.

போர்டைத் திறப்பதற்கு முன் நான் வழக்கமாக எழுதும் பட்டியலை எழுதத் தொடங்கினேன். மாடல், பயாஸின் பதிப்பு, நினைவகம், ஒவ்வொன்றாக. திரையில் டிஸ்கைக் குறிக்கும் அடையாளப் படத்தின் மேல் சின்னஞ்சிறு பூட்டு ஒன்று தெரிந்தது. எழுதினேன். பூட்டப்பட்ட டிஸ்குக்குச் சாவி எங்கே இருக்கிறது? இந்த வகை லேப்டாப்பில் அது பிராசசருக்குள்ளேயே இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். பிராசசரைப் பிடுங்கினால் சாவியையும் பிடுங்கியதாகிவிடும். பூட்டை முதலில் அவிழ்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால் போதும். ஒரு மணி நேரம்கூட ஆகாது.

தலையை நிமிர்த்தினேன். நீ ஃபோனில் அந்த லாரிக்காரனின் முதலாளியைக் கிழித்துக்கொண்டிருந்தாய். "வாடா, துறைமுகத்து கேட்டுக்கு வா, உன் லாரியக் கொளுத்தறேன்" என்று ஸ்டூலை உதைத்தாய். நான் வாயைத் திறந்தேன். நீ திரும்பி, "இன்னா வாத்தியாரே?" என்று உறுமினாய். "ஒன்றுமில்லை" என்றேன். எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், தவறாக இருந்தால் திட்டுவாய், டிஸ்க் அவன் கையில்தானே பத்திரமாக இருக்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வசவுக்குப் பயந்தேன். அவ்வளவுதான் விஷயம்.

டிஸ்கைக் கழற்றிக் கவரில் போட்டு தயாளனிடம் கொடுத்தாய். அவன் அதைச் சட்டைப்பையில், நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொண்டு போனான். பூட்டு அவன் நெஞ்சில். சாவி நம் மேசையில், நெருப்புக்குக் கீழே.

சூடு காட்டி, பழைய பிராசசரைப் பெயர்த்து, கழற்றிய பிராசசர்களைப் போட்டுவைக்கும் உன் பிஸ்கட் டின்னில் வீசினாய். செத்துப்போன இன்னொரு போர்டிலிருந்து எடுத்ததை வைத்தாய். திரை கறுப்பு. போர்டை அறைந்தாய். "அடிக்காதே, பயாஸுக்கு இவனைத் தெரியவில்லை" என்றேன். இந்த போர்டையே பெரிய பிராசசரோடும் விற்றிருக்கிறார்கள். அதன் பயாஸைத் தேடி எடுத்தேன். அதை ஏற்றுவதற்கு முன், இருந்ததை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பத்திரப்படுத்தினேன். நீ பல்லைக் கடித்தாய். "போர்டுக்கு ஜாதகம் எழுதுறியா?" புதியதை ஏற்றியதும் திரை எரிந்தது. நீ என் முதுகில் வைத்த அடியில் எனக்கு இருமல் வந்துவிட்டது. அது சந்தோஷ அடி.

தயாளன் கவரைக் கொண்டுவந்தான். டிஸ்கைப் போட்டோம். நீலத்திரை வந்து நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்றைக் கேட்டது. அந்த எண் குமாரின் இணையக் கணக்கில் இருக்கும். கணக்கின் பாஸ்வேர்டு குமாரோடு போய்விட்டது. தயாளன் திரையையே பார்த்தான். எழுந்து போனான். ஒரு மணி நேரத்தில் இரண்டு ஆட்களோடு வந்தான்.

"யாரு கை வெச்சது?"

நான் ஸ்டூலுக்குப் பின்னால், நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான்டா" என்றாய். "இன்னா இப்ப?"

ஒருவன் உன் தலைமயிரைப் பிடித்து மேசையில் மோதினான். இன்னொருவன் உன் வலது கையை இழுத்து விரித்து வைத்தான். தயாளன் நம் ஷட்டரை இழுக்கும் கொக்கிக்கம்பியை எடுத்தான். மூன்று அடி. எண்ணினேன். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வரவில்லை. இரண்டாவது அடியில் எலும்பு உடைகிற சத்தம் கேட்டது, காய்ந்த நண்டு ஓட்டை மிதித்தாற்போல. நீ கத்தவில்லை. அவன் வம்சத்தையே இழுத்து, ஒரு வசவையும் திருப்பிச் சொல்லாமல் திட்டிக்கொண்டிருந்தாய். மூன்றாவது அடிக்குப் பிறகு தயாளனே கம்பியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதான். "என் தம்பிய ரெண்டாந்தபா கொன்னுட்டியேடா" என்றான்.

"சோமாறி, அழுவாத" என்றாய் நீ, உதட்டில் இரத்தத்தோடு. "பழைய பிராசசர திருப்பி வெச்சா தொறக்கும். சனிக்கெழம வா."

உனக்கு அது எப்படித் தெரிந்தது என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. நீலத்திரையைப் பார்த்த கணமே நீ புரிந்துகொண்டிருக்கிறாய்.

அவர்கள் போனதும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "மொதல்ல அத்தத் தேடு. டின்னக் குப்பையில கவுத்தாச்சுன்னா நாஸ்தி" என்றாய். டின்னில் நாற்பதுக்குக் குறையாமல் கிடந்தன, எல்லாம் ஒரே முகம். ஒவ்வொன்றின் மேலும் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். நான் ஒவ்வொன்றையும் குறித்து வைப்பேன். நீ அதைக் கேலி செய்வாய். அன்று கேலி செய்யவில்லை. துண்டில் சுற்றிய வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் என்னிடமிருந்து நோட்டைப் பிடுங்கினாய். இரத்தம் ஒட்டிய கட்டைவிரலை வரி வரியாக வைத்துப் படித்துக்கொண்டு வந்தாய். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. உன் கண்ணும் அங்கேயே நின்றது. வலி தாங்காமல் நிற்கிறாய் என்று நினைத்தேன். பிறகு விரல் நகர்ந்தது. பன்னிரண்டாம் வரியில் இருந்த எண்ணை எழுத்து எழுத்தாக உரக்கப் படித்தாய். நான் டின்னில் தேடி எடுத்தேன்.

சனிக்கிழமை நீ கட்டுப்போட்ட கையோடு வந்தாய். "உக்காரு" என்றாய். என் ஸ்டூலைக் காட்டவில்லை. உன்னுடையதைக் காட்டினாய்.

"என்னால் முடியாதுப்பா. என் கை நடுங்கும்."

"நடுங்கட்டும். கொரங்கு மாதிரி குதிச்சாலும் நீதான் வெக்கணும். எனுக்குக் கை கீதா? பாரு." கட்டுப்போட்ட கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாய்.

கடுகைவிடச் சிறிய ஈய உருண்டைகள், ஆயிரத்துக்கு மேல், ஒவ்வொன்றும் அதனதன் குழியில் உட்கார வேண்டும். நான் காலையில் தொடங்கி மதியச் சோற்றை மறந்தேன். நீ என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தாய். கை நடுங்கும்போதெல்லாம் காலர் இறுகியது. "மூச்சு வுடாத. இப்ப வுடு. கஸ்மாலம், தும்மாத!" பிராசசரை போர்டின் மேல் வைத்துச் சூடு ஏற்றினோம். ஈயம் ஒட்டுவதற்காகப் பூசிய ஃபிளக்ஸ் பசை புகைந்தது. ஈயம் உருகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. இடுக்கியின் நுனியால் பிராசசரை லேசாகத் தள்ள வேண்டும். உருகியிருந்தால் நகர்ந்து, தானே பழைய இடத்துக்கு வந்து உட்காரும். உருகாமல் தள்ளினால் எல்லாம் பெயர்ந்துவிடும்.

"தள்ளு" என்றாய்.

என்னால் முடியவில்லை. என் வாழ்நாளில் நான் யாரையும் எதையும் தள்ளியதில்லை.

"தள்ளுடா வாத்தியாரே! இன்னும் எத்தினி நாளு பாத்துக்கினே நிப்பே?"

அந்தக் கேள்வி பிராசசரைப் பற்றியது என்று அன்று நினைத்தேன். தள்ளினேன். அது மிதந்து, ஒரு மயிரிழை விலகி, ஒரு துள்ளலோடு திரும்பி வந்து உட்கார்ந்தது. நீ காலரை விட்டாய். என் கழுத்தில் ஒரு வாரம் தழும்பு இருந்தது.

பத்திரப்படுத்தியிருந்த பழைய பயாஸை ஏற்றினேன். தயாளன் வந்தான். டிஸ்கைப் போட்டோம். நீலத்திரை வரவில்லை. குமார் வைத்திருந்த படகுப் படத்தோடு திரை திறந்தது. தயாளன் அந்தக் காணொளியை ஓடவிட்டான். கூச்சல், ஓட்டம், கத்தி. கத்தி இறங்குகிற இடத்தில் மறுபடி நின்றது. பழைய பிராசசர்தானே. மூன்று பேரும் அதைப் பார்த்தபடி நின்றோம்.

"நிக்கட்டும்" என்றான் தயாளன் கடைசியில். "எவன் ஓங்குறான்னு மூஞ்சி நல்லாத் தெரியுது. ஜட்ஜு பாக்கட்டும்." பிறகு உன் கட்டைப் பார்த்து, "கை எப்டி கீது?" என்று கேட்டான். அதற்கு நீ இடது கையால் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாய். அந்த மலை அசையாமல் வாங்கிக்கொண்டது. "இன்னொண்ணு வெச்சுக்கோ" என்று மறு கன்னத்தைக் காட்டியது.

"தயாளன்" என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அன்றைக்கு, டிஸ்கில் ஒரு..."

"வாத்தியாரே" என்று வெட்டினாய். "டீ சொல்லு. மூணு டீ."

டீ சொல்லப் போனேன்.

வழக்கு இன்னும் நடக்கிறது. உன் வலது கையில் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. நெருப்பு என் கைக்கு வந்தது, வசவு உன் வாயிலேயே இருந்தது. சொல்ல வேண்டும், நாளைக்குச் சொல்ல வேண்டும் என்று மூன்று வருடம் ஓட்டினேன். போன வருடம் தண்ணீர் லாரி வரிசையில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தபோது, பாதி வசவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய், எழவே இல்லை. வசவையாவது உன்னை முடிக்க விட்டிருக்கலாம்.

இப்போது அந்த வரி. "9. டிஸ்க்: பூட்டு அடையாளம் தெரிகிறது. சொல்ல வேண்டும்." என் கையெழுத்து, கோணல் இல்லாமல், ஒவ்வொரு புள்ளியும் இட்டு. அதன் மேல்தான் உன் விரல் நின்றிருக்கிறது. நீ படித்திருக்கிறாய். நான் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்ததால்தான் உன் கை போனது என்பது, இரத்தம் காய்வதற்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் என்னை உன் ஸ்டூலில் உட்கார வைத்தாய். டீ சொல்ல அனுப்பினாய். ஃபேனுக்கும் பிரிண்டருக்கும் லாரிக்காரனுக்கும் கொடுத்ததில் ஓர் அடியைக்கூட எனக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்று எழுதுவது சுலபம். அது உண்மையா என்று எனக்கு நிச்சயமில்லை. நான் அடிக்கும் பயந்தவன்தான்.

நோட்டோடு திரும்பி வந்து அந்தப் பெண்ணின் லேப்டாப்பை ஓடவிட்டேன். எட்டு வரி எழுதினேன். ஒன்பதாவதுக்கு வந்தபோது டிஸ்கின் மேல் அதே சின்னஞ்சிறு பூட்டு.

"பூட்டியிருக்கு!" என்றேன். "சாவி பிராசசருக்குள்ளே இருக்கு! முதலில் இதை அவிழ்க்கணும், அப்புறம்தான் மற்றதெல்லாம்! இது யாருடைய கணக்கு? பாஸ்வேர்டு தெரியுமா?"

அவள் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தாள். "தெரியும் சார். எதுக்கு சார் இப்படிக் கத்துறீங்க?"

மன்னிப்புக் கேட்டேன். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் பாஸ்வேர்டை அடித்து உள்ளே போனாள். ஆனாலும் எனக்குத் திருப்தி வரவில்லை. சுவரில் இருந்த அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே "பூட்டியிருக்கு!" என்று இன்னொரு முறை சொன்னேன், அதே சத்தத்தில்.